அக்கா கேட்ட தமிழ்ச் சொல்

அக்கா,

மூக்கில் இருப்பது புதுக் கண்ணாடி. பிரேமில் கடை வாசனை இன்னும் போகவில்லை. மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிப்பதற்கு என்று இரண்டு பவரையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்தது. உட்கார்ந்து எழுதினால் ஒரு குறையும் இல்லை. இந்தத் தாளில் என் எழுத்துகள் கொத்தமல்லி விதை மாதிரி தனித்தனியாகத் தெரிகின்றன. எழுந்து நடந்தால்தான் சிக்கல். மகன் வீட்டு மாடிப் போர்ஷன் உனக்குத் தெரியும். அந்தக் குறுகலான படிக்கட்டும் தெரியும். இறங்குவதற்குக் குனிந்தால் படிகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று குழைந்து ஒரே சரிவாகத் தெரிகின்றன. இன்று காலை பால் வாங்க இறங்கியபோது இல்லாத படியில் காலை வைத்துவிட்டேன். கைப்பிடிக் கம்பி இருந்ததால் பிழைத்தேன்.

உடனே தேரடிப் பக்கம் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, காதுப் பக்கத்தை லேசாக வளைத்து, அவரே மறுபடி என் முகத்தில் மாட்டிவிட்டார்.

"புதுசுல அப்படித்தான் சார் இருக்கும். ஒரு வாரம் போடுங்க, அட்ஜஸ்ட் ஆயிரும்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி மேலே ஏறும்போது உன் குரல் கேட்டது. "ஏலே தம்பி, எது ஆயிரும்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை அக்கா. அதனால்தான் இப்போது உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். இதை ஒழுங்காக எழுதுவேனா என்று தெரியவில்லை. முதல் பத்தியையே இரண்டு முறை அடித்து எழுதியிருக்கிறேன்.

அட்ஜஸ்ட் என்ற அந்தச் சொல் உன் வீட்டுக்கு மில்லில் இருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். அத்தான் ராஜபாளையத்தில் நூல் மில்லில் மேஸ்திரி. அங்கே அது நல்ல சொல். ஒரு மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் அத்தான் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பார். பிறகு ஏதோ ஒரு திருகை மயிரிழை அளவு திருப்புவார். மெஷின் சத்தம் மாறும், நூல் ஓடும். "அட்ஜஸ்ட் பண்ணியாச்சு மாப்ளே," என்று என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். ஷிஃப்டை மாற்றிக்கொள்வதும் அவருக்கு அட்ஜஸ்ட்தான், லீவும் அட்ஜஸ்ட்தான். தூக்குவாளியோடு அந்தச் சொல்லும் தினமும் வீட்டுக்கு வந்தது.

வந்த பிறகு அது வேறு வேலைகள் செய்யத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வராத நாளில் கிணற்றுக்கு நடப்பது நீ. அட்ஜஸ்ட். குழம்பு தீர்ந்துபோனால் மோரை ஊற்றிக்கொள்வது நீ. அட்ஜஸ்ட். உன் மாமியாருக்கு அதைச் சரியாகச் சொல்ல வராது. "அட்ஜஸ் பண்ணிக்கிடுட்டி," என்பார். கட்டிலோடு கிடந்த கடைசி வருடங்களில் அவர் வாயில் மிச்சம் இருந்த ஒரே இங்கிலீஷ் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வீடு ரயில் பெட்டி போல நீளமானது. முன்னறை, நடுவறை, ஒரு சந்து, அதன் முடிவில் அடுப்படி. எண்பதுகளின் தொடக்கத்தில் உன் கொழுந்தன் தொழில் நொடித்துக் குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது நடுவறையை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். "கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்," என்றார் அத்தான். அவர் முன்னறைக் கட்டிலுக்குப் போனார். உன் பெண் மகேசு பாட்டியின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டாள். உனக்குக் கிடைத்தது அந்தச் சந்து. ஒரு பக்கம் ஆட்டுரல், இன்னொரு பக்கம் அரிசி டிரம். இடையில் பாயை விரித்தால் காலை நீட்ட முடியாது. நீட்டினால் பாதம் டிரம்மில் இடிக்கும், டிரம் அதிரும், மாமியார் விழித்துக்கொள்வார். நீ முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்கப் பழகினாய்.

கொஞ்ச நாள் என்றார் அத்தான். கொழுந்தனின் பிள்ளைகள் அந்த வீட்டிலேயே வளர்ந்து வேலைக்கும் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருத்த வேண்டிய விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ் ஏறி வருவேன். அந்தச் சந்தில் அரிசி டிரம்மின் மேல் தாள்களை வைத்து நின்றபடியே திருத்துவேன். நீ ஆட்டுரலின் அருகே அமர்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாய்.

"ஏலே தம்பி, நீ இங்கிலீசு வாத்தியாருதான?"

"அப்படித்தான் சம்பளம் குடுக்காங்க."

"அட்ஜஸ்ட்டுன்னா என்னலே அர்த்தம்?"

நான் சிரித்தேன். "நாளெல்லாம் கேக்குறியேக்கா. உனக்குத் தெரியாதா?"

"கேக்கேன். அர்த்தம் தெரியல. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணா இருக்கு."

என்னிடம் யாராவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் எனக்கு ஒரு வழிதான் தெரியும். கரும்பலகை நடுவில் ஒரு கட்டம் போட்டு அந்தச் சொல்லை உள்ளே எழுதுவேன். சுற்றிலும் அதற்கு உறவான சொற்களுக்கு ஆளுக்கொரு கட்டம். பிறகு ஒரு வாக்கியத்தை எடுத்து, நடுச் சொல்லைத் தூக்கிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக அங்கே உட்காரவைத்துப் பார்ப்போம். எந்தச் சொல் வந்தால் வாக்கியம் உண்மையாக இருக்கிறதோ அதுதான் பேசியவர் நினைத்த அர்த்தம். இதற்காகவே பள்ளியில் எனக்குக் 'கட்டம் சார்' என்று பெயர். கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உனக்கும் கட்டம் போட்டேன்.

அட்ஜஸ்ட் என்பது ஒரு பொருளை அதற்குரிய நிலைக்குக் கொஞ்சம் நகர்த்துவது என்று சொன்னேன். கடிகார முள்ளை, சைக்கிள் சீட்டை, ரேடியோ முள்ளை. நகர்த்துகிறவர் ஒருவர், நகர்த்தப்படுவது ஒரு பொருள்.

"அப்போ நான் சைக்கிள் சீட்டாலே?"

"இரு அக்கா, முடிக்கலை," என்று மற்றக் கட்டங்களுக்குப் போனேன். அடாப்ட் என்றால் புது இடத்துக்கு ஏற்ப ஒருவர் தானே மாறிக்கொள்வது. மாறிய பிறகு அங்கே அவர் நன்றாக வாழவேண்டும். அகாமடேட் என்றால் இடம் கொடுப்பது. கொடுக்கிறவரிடம் முதலில் இடம் இருக்கவேண்டும். கம்ப்ரமைஸ் என்றால் இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. ஒருவர் மட்டும் செய்தால் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. டாலரேட் என்றால் பிடிக்காததைப் பொறுத்துக்கொள்வது. சப்மிட் என்றால் அடங்கிப்போவது.

நீ வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாய். இங்கிலீஷ் எழுத்து உனக்குக் கூட்டிப் படிக்கத்தான் வரும். எட்டாம் வகுப்போடு உன்னை நிறுத்திவிட்டார்கள். கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாய். விட்டுக்குடுக்கிறது, இடங்குடுக்கிறது, பொறுக்கிறது, அடங்குறது என்று தமிழில் சொல்லிப் பார்த்தாய்.

"எனக்குச் சொல்லுதாகளே, அது எந்தக் கட்டம்?"

நான் சிவப்பு மைப் பேனாவை மூடினேன், திறந்தேன். நீ தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாய். "வெங்காயம் ரொம்பக் காரம் இன்னைக்கு," என்றாய். நானும் ஆமாம் என்றேன்.

மாமியார் இறந்த பிறகு அவருடைய கண்ணாடி உனக்கு வந்தது. ஐம்பதை நெருங்கும்போது உனக்கு அரிசியில் கல் தெரியாமல் போயிற்று. சாப்பாட்டில் கல் இருக்கிறது என்று வீட்டில் சத்தம் வந்தது. அத்தான் அலமாரியில் இருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து, "அம்மாவோடது இருக்கே, இதையே அட்ஜஸ்ட் பண்ணிப் போட்டுக்கோ," என்று கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஓடுகிற மெஷினைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது அவர் எண்ணம். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றுதான் உன்னையும் பார்த்தார். வேறொரு கிழவியின் கண்ணுக்குச் செய்த கண்ணாடி. ஒரு பக்கக் காது உடைந்து நூல் சுற்றியிருந்தது. அரிசி தெரிந்தது உனக்கு; ஆனால் அதைப் போட்டுக்கொண்டு எழுந்தால் தரை மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக் கடைசியில் கழற்றுவதை விட்டுவிட்டாய்.

"வாக்கா, கண் டாக்டர்கிட்டப் போவோம்," என்றேன் ஒருமுறை.

"விடுலே. பழகிருச்சு."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகேசுவைச் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கொடுத்தோம். பல வருடம் காத்திருந்து உனக்குப் பிறந்த ஒரே பிள்ளை. அவர்கள் சொந்தத் தறி வைத்து மருத்துவமனைகளுக்குப் போகும் பாண்டேஜ் துணி நெய்கிறவர்கள். பெரிய வீடு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது நீ வேறு எதையும் கேட்கவில்லை. அவள் படுக்கப்போகிற அறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாய். "காலை நீட்டிப் படுக்கலாம்லே," என்று பஸ்ஸில் என்னிடம் மெதுவாகச் சொன்னாய்.

ஒரு வருடம் முடிவதற்குள் அவள் திரும்பி வந்து நின்றாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கையில் கிடைப்பதை எடுப்பார் என்பது அதற்கு முன்பே எங்கள் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை அவள் கையைக் கதவு இடுக்கில் வைத்து நெரித்திருக்கிறார். கட்டுப் போட்டிருந்த துணி அவர்கள் தறியில் நெய்ததுதான். மகேசு உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அம்மா, என்னைத் திரும்ப அங்கன விட்டுறாத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பது என்று ஏற்பாடாயிற்று. பேசி முடிப்பது என்றால் பெண்ணைத் திரும்ப அனுப்புவது என்று எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வந்தார். அவருடைய பெரியப்பா வந்தார். பேசுவதற்கென்றே வந்தவர், ஊரில் மதிப்பானவர், மெதுவாகப் பேசுவார். கூட இரண்டு உறவினர்கள். நம் பக்கத்தில் பேசுவதற்குப் படித்தவன் என்று நான். முன்னறையில் ஆண்கள் எல்லோரும் ஜமுக்காளத்தில். நீயும் மகேசுவும் அடுப்படியில்.

பெரியப்பா தொடங்கினார். "பையன் கோவக்காரன். மனசு வெள்ளை. பிள்ளையும் நல்ல பிள்ளை. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போச்சுன்னா ஒண்ணுமில்ல."

"அதத்தான் நானும் சொல்லுதேன்," என்றார் ஓர் உறவினர். "ஆரம்பத்துல எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆகணும்."

அத்தான் தலையை ஆட்டினார். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "சாரு படிச்சவிய. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் பஸ்ஸில் வரும்போது வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். முதலில் எது, இரண்டாவது எது என்று. "நான் என்ன சொல்ல வாரேன்னா..." என்று தொடங்கினேன்.

"காப்பி ஆறுது சார். குடிச்சிட்டுச் சொல்லுங்க," என்றார் அவர் அன்பாக.

குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எப்போது கூட்டிக்கொண்டு போவது, இன்றே போகலாமா, நாள் பார்க்கவேண்டுமா என்று. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. அந்த மரியாதைக்குள்ளேயே மகேசு செட்டியார்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நீ வந்தாய். காபி தம்ளர்களை எடுக்க வருகிறாய் என்று நினைத்தேன். நீ எடுக்கவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாய். அந்த நூல் சுற்றிய கண்ணாடி வழியே பெரியப்பாவைப் பார்த்தாய்.

"அண்ணாச்சி, செத்த நேரம். அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுதீக. எனக்கு இங்கிலீசு தெரியாது. எம் பிள்ளை என்ன செய்யணும்னு தமிழ்ல சொல்லுங்க."

"அதாம்மா, கொஞ்சம் அனுசரிச்சு..."

"கதவு இடுக்குல அவ கையை வச்சு நெரிச்சாரே உங்க மகன். அந்த நேரத்துல அவ எதை அனுசரிக்கணும்? கையையா, கதவையா?"

"ஏட்டி, உள்ள போ," என்றார் அத்தான்.

"போறேன். கேட்டுட்டுப் போறேன்."

மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் சிரித்தார். "தம்பி இங்கிலீசு வாத்தியாருன்னா அக்காவும்லா பாடம் எடுக்காக."

"ஆமாய்யா, பாடந்தான். நீங்களும் கேளுங்க," என்றாய். பிறகு விரலைத் தரையில் வைத்தாய். அந்தக் காலண்டர் தாளில் தொட்டதுபோல நீ ஒவ்வொரு கட்டமாகத் தொடுவது எனக்கு மட்டும் தெரிந்தது. "அட்ஜஸ்ட்டுன்னா விட்டுக்குடுக்கிறதா? சரி. எம் பிள்ளை எதை விட்டுக்குடுக்கணும், உங்க மகன் எதை விட்டுக்குடுப்பாரு, ரெண்டையும் சொல்லுங்க."

பெரியப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"அது இல்லையா? அப்போ இடங்குடுக்கிறதா? அடி விழும்போது அந்தப் பெரிய வீட்டுல அவ போய் நிக்க எந்த இடம் இருக்கு? அதுவும் இல்லையா? பொறுத்துக்கிடுறதா? பொறுத்துக்கிட்டா என்னைக்கு நிக்கும்னு நீங்க சொல்லுவீகளா?"

சிரித்த உறவினர் காபி தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"அப்போ அடங்கிப் போறதுதான். அதைச் சொல்லுங்க அண்ணாச்சி. அடிச்சா வாங்கிக்கம்மான்னு இந்த நாலு பேரு முன்னால உங்க வாயால ஒருக்க சொல்லுங்க. சொல்லிட்டீகன்னா நானே அவளைக் கூட்டியாந்து உங்க வீட்டுல விடுதேன்."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்படி யாரும்மா சொல்லுவா?"

"இம்புட்டு நேரமா அதத்தான சொல்லிக்கிட்டிருக்கீக."

பெரியப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டார். அவர் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவமானப்பட்ட முகம் இல்லை அது. தான் பேசிக்கொண்டிருந்தது என்ன என்பதை அப்போதுதான் காதில் கேட்டவர் முகம். "பிள்ளை இங்கனயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நட," என்றார் பெரியப்பா.

அவர்கள் போன பிறகு அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "என்னை ஒரு வார்த்தை கேக்காமப் பேசிட்டியே."

"கேட்டா அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லியிருப்பீக."

அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நீ தம்ளர்களை எடுத்துக்கொண்டு அதே சந்து வழியாக அதே அடுப்படிக்குப் போனாய்.

மகேசு மறுபடி படித்தாள், பயிற்சி முடித்தாள். கான்சாபுரத்தில் பால்வாடி ஆசிரியை வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டாள். உன்னைக் கூப்பிட்டாள், நானும் கூப்பிட்டேன். அவள் வீட்டிலும் இடம் இருந்தது, என் வீட்டிலும் இருந்தது. நீ வரவில்லை. அத்தானுக்குச் சர்க்கரை, அவருக்கு யார் சமைப்பது என்றாய். கொழுந்தன் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்றாய். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் உண்மையான காரணங்கள்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பெருமாள் இருக்கும் நம்ம ஊர்த் திருவண்ணாமலைக்குப் போகவேண்டும் என்பது உன் நெடுநாள் வேண்டுதல். ராஜபாளையத்தில் இருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு புரட்டாசியிலும் இந்தச் சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்பாய். புரட்டாசி முடிந்துவிடும். அத்தான் இறந்த பிறகுதான் உன்னால் வர முடிந்தது. என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மலைப்படி ஏறினாய். ஒவ்வொரு படியையும் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டுக் காலை வைத்தாய். எனக்கு அப்போது புரியவில்லை.

"கால் வலிக்காக்கா?"

"இல்லலே. படி எங்கன இருக்குன்னு தெரியல. எல்லாம் சேந்து கெடக்கு."

"நாளைக்கே கண்ணாடிக் கடைக்குப் போவோம். இதைத் தூக்கிப் போடு."

நீ ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாய். கூட்டம் நம் இருபக்கமும் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறியது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாய்.

"அன்னைக்கு மகேசுக்குக் கேட்டேன் பாரு, அம்புட்டுத்தான் தம்பி எங்கிட்ட இருந்தது. எனக்குன்னு கேக்க எனக்கு வாய் வரமாட்டேங்கு."

உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அப்படித்தான் அக்கா. நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

மதியம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தாய். பெரிய பாய், சுற்றிலும் ஒன்றும் இல்லை. நீ ஓர் ஓரத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தாய்.

"காலை நீட்டுக்கா. இங்கன டிரம் இல்ல."

"நீட்டுனா ஒறக்கம் வரலலே."

சாயங்காலம் அரைத்த மாவு புளித்துவிடும் என்று பஸ் ஏறிவிட்டாய்.

போன ஆண்டு, அந்தச் சந்திலேயே, தூக்கத்திலேயே போனாய். செய்தி வந்து நான் போனபோது உன்னை முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். உன் காலை நேராக்க முடியவில்லை. இரண்டு பேர் முட்டியைப் பிடித்து மெதுவாக அழுத்தினார்கள். "செத்தப் பொறுத்துப் பண்ணுங்க, அவிய பாவம்," என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகேசு உன் கண்ணாடியை ஒரு கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "எனக்கு இதைப் பாக்க முடியல மாமா," என்றாள். அன்று முதல் அது என் கைப்பையில் இருக்கிறது.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. மேற்கொண்டு எழுத முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

இன்று காலை மறுபடியும் கடைக்குப் போனேன். ஒரு வாரம் ஆகவில்லை. படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லப்போகும் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். என் வழக்கப்படி கட்டம் போட்டேன். பழகவில்லை என்று சொல்லலாமா? பழகிவிடும் என்பார். கொஞ்சம் சிரமமாக இருக்கிறது என்று சொல்லலாமா? எல்லோருக்கும் அப்படித்தான் என்பார். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டுக் கடைசியில் எது உண்மையோ அது நின்றது.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "என்ன சார், அதுக்குள்ள? அட்ஜஸ்ட்..." என்றார்.

"இல்லைங்க. எனக்குப் படி தெரியல. இதைப் போட்டா நான் விழுந்துருவேன். மாத்திக் குடுங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நேத்தே இப்படிச் சொல்லியிருக்கலாமே சார். படிக்கத் தனி, நடக்கத் தனின்னு ரெண்டாப் போட்டுருவோம். அப்படி உக்காருங்க, மறுபடி செக் பண்ணிருவோம்."

அவ்வளவுதான் அக்கா. அம்புட்டுத்தான். இதைக் கேட்க வாய் வராமல்தான் நீ அத்தனை வருடம் படியைத் தடவித் தடவி நடந்தாய்.

சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. போய் உட்கார்ந்தேன். கைப்பைக்குள் உன் கண்ணாடி கைக்குட்டையோடு இருப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வழக்கம் போல முழங்காலை ஒடுக்கி, பையை மடியில் வைத்து, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே வெறும் தரைதான். யாரும் நிற்கவில்லை, ஒன்றும் வைத்திருக்கவில்லை. காலை மெதுவாக நீட்டினேன். எதிலும் இடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.